மூன்றாவது ராடில் நிற்கும் நாடகம்

சிக்னல் இல்லாத ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு,

‘நல்லா இருக்கீங்களாப்பா’ என்று எழுதத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் பயந்துபோன கதை வரும், அதைக் கேட்டு நீங்கள் கலங்கக் கூடாது.

அம்மா தூங்கிவிட்டாள். சமூக அறிவியல் புத்தகத்தை விரித்து, அதற்குள் உங்கள் போர்வெல் நோட்டை வைத்து எழுதுகிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் நீங்கள் வைத்திருந்த அதே நோட்டு. உங்கள் பையோடு வீட்டுக்கு வந்தது. முன்பக்கம் திருப்பினால் நீங்கள் போட்ட போர்கள் இருக்கின்றன. எந்த ஊர், பூமிக்குள் எத்தனை இரும்பு ராடு இறக்கினீர்கள், எத்தனை அடியில் தண்ணீர் என்று வரிசையாக. பின்பக்கம் திருப்பினால் நீங்கள் போனில் பார்த்த தொடர்கள். வெப் சீரிஸ் என்று நான் எத்தனை முறை திருத்தினாலும் உங்களுக்கு எல்லாமே நாடகம்தான்.

இந்த நோட்டைப் பார்த்த என் தோழி கிருத்திகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏன்டி, நாடகத்துக்கு எதுக்கு அடி போட்டிருக்காரு?” என்று கேட்டாள். ஒரு எபிசோடு ஒரு ராடு, ஒரு ராடு இருபது அடி என்று நான் விளக்கினேன். இரண்டாவது எபிசோடில் கதை பிடித்துக்கொண்டால் நாற்பது அடியில் தண்ணீர். பிடிக்கவே இல்லையென்றால் வெறும் புழுதி, ட்ரை போர். முதல் எபிசோடை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, அது மேல்மண் சரியாமல் இருக்க கேசிங் பைப் இறக்குகிற நேரம். மூன்று ராடு இறக்காமல் யாரும் வண்டியைக் கிளப்பக் கூடாது. அவள் சிரித்தாள். ஆனால் மறுநாளே வந்து, “நீ சொன்னதுல இருபது அடியிலயே தண்ணி வந்துருச்சுடி” என்றாள்.

அவளுக்கு நான் சொன்னது உங்கள் லிப்ட் நாடகம். பம்பாய் அடுக்குமாடியில் லிப்ட் இயக்குகிற அந்த மனிதர், எபிசோடுக்கு ஒரு வீடு. யாருடைய வீட்டுக்குள்ளும் அவர் போவதில்லை, கதவு திறந்து மூடுகிற இடைவெளியில் அவருக்குத் தெரிவது மட்டும்தான் நமக்கும் தெரியும். நீங்கள் அதற்கு ‘20 அடி, நல்ல தண்ணி, குடிக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கொரியாக்காரி மருந்துக் கடை நாடகத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ்க் குரல்தான் சரியில்லை. அதில் வரும் பாட்டியம்மா தலைவலி மாத்திரை கேட்பதுகூட மேடையில் பேசுவதுபோல இருக்கிறது. நீங்கள் போனில் அதைப் பேசிக்காட்டுவீர்களே, “ஏனுங் கண்ணு, தலவலி மாத்தர இருக்குதுங்களா? ரெண்டு குடுங்க போதும்” என்று. டப்பிங் செய்பவர்கள் உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். இப்போது நான் அதைக் கொரியக் குரலிலேயே வைத்து, கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துப் பார்க்கிறேன். அப்படித்தான் பார்க்க வேண்டும்.

வகுப்பில் பாதிப் பேர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அவசரமாக இறக்கினால் பாறையைத் துளைக்கிற பிட் உடையும் என்று நான் சொன்னால், “போடி ரிக்காரி” என்கிறார்கள். அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

இன்னொன்று. கோபப்படாதீர்கள். ரயில் நாடகத்துக்கு நீங்கள் ‘60 அடி, ட்ரை, ராடு தூக்கியாச்சு’ என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? எக்ஸ்பிரஸ் நிற்காத சின்ன ஸ்டேஷன், டீ, கொடி, மறுபடி டீ. உண்மைதான், மூன்று எபிசோடும் புழுதிதான். ஆனால் நான் நான்காவதைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஏன் தினமும் நிற்காத வண்டிக்கு வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார் என்று அதில்தான் சொல்கிறார்கள். எண்பதடியில் பொங்கியது, அப்பா. இன்னும் ஒரே ஒரு ராடு இறக்கியிருந்தால் போதும். உங்கள் எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘80’ என்று போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதை அழிக்கவில்லை.

இதையெல்லாம் நான் எப்படிப் பார்க்கிறேன் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் பயம் ஆரம்பிக்கிறது.

நான் பத்தாவது என்பதால் பொதுத்தேர்வு முடிகிறவரை வீட்டில் நாடகமே கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள். உங்கள் போனை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். சாவி அரிசி டப்பாவில் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கோழிப்பண்ணைக்கு முட்டை எடுக்கப் போனதும் போனை எடுப்பேன். நாம் சேர்ந்து பார்த்த அதே நேரம்தான். நீங்கள் சத்தீஸ்கரில் ஏதாவது ஒரு காட்டோரம் லாரி நிழலில், நான் நாமகிரிப்பேட்டையில் நம் வீட்டில்.

“அம்மிணி, புதுசா ஒன்னு இருக்குது. தேங்கா ஒடைக்கலாமா?”

“இருங்கப்பா, அம்மா கேட்டத் தாண்டட்டும்.”

“தாண்டிருச்சா? செரி. ஒன்னு, ரெண்டு, தேங்கா!”

போர் போடும் முன் அந்த இடத்தில் தேங்காய் உடைப்பதுபோல, இருவரும் ஒரே நொடியில் பட்டனை அழுத்துவோம். அப்படி நாம் கடைசியாக உடைத்த தேங்காய், கலங்கரை விளக்க நாடகத்துக்கு. இரண்டு எபிசோடு சேர்ந்து பார்த்தோம். மூன்றாவதை நீங்கள் பொறுக்க முடியாமல் தனியாகப் போட்டுவிட்டீர்கள். அன்று இரவு படுத்தவர், ஐப்பசி மாதத்து அந்த விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை. நோட்டில் அந்த நாடகத்தின் பெயருக்கு நேரே அடி போடாமல் இருக்கிறது.

நாடக ஆப்பில் உங்கள் பெயர் போட்ட பக்கத்துக்குள் போனால் அது இன்னும் இருக்கிறது. அடியில் சின்னதாகச் சிவப்புக் கோடு. மூன்றாவது எபிசோடு, பத்தொன்பதாவது நிமிடம். தொட்டால் நீங்கள் விட்ட இடத்திலிருந்து ஓடும். விளக்குக்காரர் குனிந்து நிற்கிறார். ஒரு செருப்பு காலில் இருக்கிறது, இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். முக்கியமான காட்சிகூட இல்லை.

மற்ற எல்லாவற்றையும் என் பெயர் போட்ட பக்கத்தில் பார்த்தேன். இதை மட்டும் பார்க்கவில்லை. தொட்டு, ஒரு நொடி ஓடவிட்டு, உடனே நிறுத்திவிடுவேன். முழுதும் ஓடவிட்டால் நீங்கள் நின்ற இடம் போய்விடுமே. எத்தனை நொடி நகர்ந்தது என்று நோட்டின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டேன்.

எட்டு ஞாயிறு, எட்டுப் புள்ளி. எட்டு நொடிதான் நகர்ந்திருக்க வேண்டும். போன வாரம்தான் முதல்முறையாகக் கணக்குப் பார்த்தேன், இருபத்துமூன்று நொடி நகர்ந்திருக்கிறது. விளக்குக்காரர் கட்டிலை விட்டு எழுந்து, கதவுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருக்கிறார்!

வீட்டில் யாரும் இல்லை. நீங்கள்தான் பார்க்கிறீர்களோ? உண்மையைச் சொல்கிறேன், பயந்துகொண்டே ஒருபக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. இது எப்படி என்று உங்களுக்காவது தெரியுமா?

அந்த வாரம் முழுக்க வெளிச்சம் இல்லாத பக்கம் போகவில்லை. அதோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. வடக்கே கடை தேடி அலையக் கூடாது என்று ஒரு வருடத்துக்குச் சேர்த்து ரீசார்ஜ் போட்டீர்களே, நாடகம் அதோடு வந்ததுதான். வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குப் பிறகு உங்கள் பெயர் போட்ட பக்கம் திறக்காது. சிவப்புக் கோடும் இருக்காது. பார்த்தாலும் போய்விடும், பார்க்காவிட்டாலும் போய்விடும் என்றால் நான் என்ன செய்வேன்?

இன்று மத்தியானம் போனை மடியில் வைத்துக்கொண்டு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முட்டை லாரி சீக்கிரம் வந்துவிட்டதாம், அம்மா வேலை முடிந்து முன்னதாகவே வந்துவிட்டாள். வாசலில் நிழல் விழுந்தபோதுதான் பார்த்தேன்.

“ஏம்புள்ள, யாரு பீரோவத் தொறந்தது?”

“கணக்குப் பாடத்துக்கும்மா...”

“கணக்குப் பாடம் பட்டுச்சீலைக்கு அடியிலயா இருக்குது?”

அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அம்மா போனைப் பார்த்தாள். முந்தானையில் அதன் திரையைத் துடைத்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்டாள்.

“கதவுக்குப் பொறத்தாண்டயே நிக்கறானா இன்னும்?”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“கட்டலுக்கு அடியில கெடந்தவன நாந்தான அங்க வரைக்கும் கொண்டாந்தேன்.”

நான் பள்ளிக்கூடம் போன பிறகு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அவளும் திறந்து பார்த்திருக்கிறாள். அவளும் ஒரு நொடிதான் ஓடவிட்டிருக்கிறாள். அவளும் பயந்துதான் நிறுத்தியிருக்கிறாள். என் எட்டு, அவளுடைய பதினைந்து.

“நாந்தான் சாமி நிறுத்துனேன்,” என்றாள் அம்மா. “அன்னைக்கு ராத்திரி கெணத்து மோட்டார் ஓடலைன்னு போன் பண்ணி உங்கப்பனக் கத்துனேன். நாடகம் பாத்துட்டு இருந்தாராட்டம் இருக்குது. நிறுத்திப்போட்டு, ‘பியூசு போயிருக்கும், காலைல ஆள அனுப்பறேன், நீ சாப்ட்டயா’ன்னு கேட்டாரு. சாப்ட்டேன்னு சொல்லாமயே வெச்சுட்டேன்.”

மோட்டார் கதை எனக்குத் தெரியாது, அப்பா. நீங்கள் நின்ற இடம் என்று நான் பொத்திவைத்தது அம்மாவுக்குத் தான் நிறுத்திய இடமாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நொடி அதைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை எல்லாம் மூடிவிடும் என்று சொன்னேன். அம்மா திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அஞ்சு மாசமா ஒத்தச் செருப்போட நிக்கறான் பாவம்,” என்றாள். பிறகு, “தேங்கா ஒடச்சரலாமா?” என்றாள்.

நாம் இரகசியமாகச் சொல்லிக்கொண்டது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கேட் தாண்டினாலும் காது வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது போல.

உடைத்தோம். செருப்பு எங்கே இருந்தது தெரியுமா? அவர் மனைவி அதைக் கழுவி மதில்மேல் காய வைத்திருந்தாள். “அட கிறுக்கா! பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா ஆவாதா?” என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் நிறுத்தப் போனேன். “நிறுத்தாத, ஓடட்டும்” என்றாள்.

மூன்றாவது ராடு முழுதாக இறங்கிவிட்டது, அப்பா. தண்ணீர் வரவில்லை. ஈரம்கூட இல்லை. கடல், விளக்கு, மீன் குழம்பு, அவ்வளவுதான். உங்கள் சட்டப்படி ராடைத் தூக்கிவிடலாம். அம்மாவிடம் ரயில் நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். “அப்ப இன்னொரு ராடு எறக்கிப் பாக்கலாம், என்ன கெட்டுப்போச்சு” என்றாள். இன்னும் மூன்று எபிசோடு இருக்கிறது. தினமும் அறிவியலில் ஒரு பாடம் ஒப்பித்தால் ஒரு ராடு என்று ஒப்பந்தம். அடுத்தது தானாக ஓட விடக் கூடாது என்பதிலும் அம்மா கண்டிப்பாக இருக்கிறாள். தானாக இறங்குகிற ராடு ஆபத்து என்று நீங்கள் சொன்னதை அவளிடமும் சொல்லியிருக்கிறீர்களா?

செல்வம் மாமா ரிக்கிலிருந்து பேசினார். உங்கள் இடத்தில் இப்போது அவர்தான் ராடு இறக்குகிறார். “சாமி, அப்பா லிஸ்ட்ட போட்டா புடிச்சு அனுப்பு. இங்க கண்டதையும் பாத்துப்போட்டு எல்லாருக்கும் தலவலி” என்றார். என் ‘80’ஐயும் சேர்த்து அனுப்பப்போகிறேன். உங்கள் தவறு வண்டி முழுக்கத் தெரிந்துவிடும். பரவாயில்லையா?

எனக்கு இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, நீங்கள் சொல்லி நான் பார்க்க வேண்டியது எதுவும் மிச்சம் இருக்காது. இனி நானே தேடி, நானே இறக்கிப் பார்த்து, நானே அடி போட வேண்டும். ஆனால் போன வாரத்துப் பயம் மாதிரி இது இல்லை. பக்கத்தில் அம்மா குறட்டை விடுகிறாள்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். நோட்டில் நீங்கள் காலியாக விட்ட அந்த இடத்தில் அடி எழுதிவிடுவேன். நீங்கள் கடைசியாகப் பார்த்தது என்பதற்காகத் தண்ணீர் வந்ததாகப் பொய் எழுத மாட்டேன். புழுதி என்றால் புழுதி. ஆனால் கடைசி ராடு வரை இறக்காமல் எழுத மாட்டேன். எழுதியதும் அம்மா சொல்லச் சொன்ன ஒன்றையும் பக்கத்தில் எழுதுவேன். இப்போதே சொல்லிவிடுகிறேனே:

அன்று அம்மா சாப்பிட்டிருந்தாளாம், அப்பா.

உங்கள் நோட்டின் பின்பக்கத்தை இனி நிரப்பப்போகும்,
உங்கள் அம்மிணி,
தாரணி