மூச்சுப் பட்டதும் தெரிந்த எழுத்து

நியூபெரிபோர்ட்,
அக்டோபர் 1926

லெமுவேலுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறவனுக்கு உடம்புக்கு என்ன வரப்போகிறது. உன் தங்கை பேஷன்ஸுக்கு இரண்டாவதும் பெண், தாயும் பிள்ளையும் நலம். கடைக் கூரை ஒழுகுகிறது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீ விற்ற வெள்ளிக் கரண்டிகளைத் தூக்கிக்கொண்டு அந்த ஹல்டா கிம்பல் அம்மாள் சிகாகோவிலிருந்து ரயிலேறி என் கடைக்கே வந்துவிட்டாள். பழங்குடும்பத்தார் சங்கத்தில் சேர, கரண்டிகள் அவள் முன்னோருடையவைதான் என்று என் சான்று வேண்டுமாம், கேள்வி கேட்காமல் கொடுத்துவிடு என்று நீயும் எழுதியிருந்தாய். துணியைப் பிரித்து வைத்து, "எங்க கொள்ளுத்தாத்தா கல்யாணக் கரண்டிங்க, உங்க பையன்தான் தேடிப் பிடிச்சுக் குடுத்தான், தங்கமான பிள்ளை" என்றாள். பின்பக்கம் அந்தக் காலத்து வெள்ளித் தட்டான் ஜோதம் வியரின் முத்திரை, அது அசல்தான். ஆனால் காம்பு நுனி விரலுக்கு மெலிசாகப் பட்டது, வியர் அப்படி அடிக்கிற தட்டான் இல்லை. வாயருகே கொண்டுபோய் மூச்சு விட்டேன். ஆவி படிந்ததும், நீ வெட்டிய கிம்பல் குடும்பப் பெயரெழுத்துகளுக்கு அடியில், நீ சுரண்டியெடுத்த வேறு யாரோ ஒரு தம்பதியின் எழுத்துகள் எழும்பி நின்றன. அவளும் பார்த்துவிட்டு, "என்னம்மா அது, அழுக்கா?" என்று கைக்குட்டையால் துடைத்தாள். "அழுக்கில்லம்மா, என் பையன் வேலை" என்று சொல்லிவிட்டேன். "அப்ப எங்க தாத்தாவோட கரண்டி?" என்கிறாள். அவர் எதில் சாப்பிட்டாரோ, எனக்கெப்படித் தெரியும்.

அறிவு கெட்டவனே, வியர் கரண்டி என்று சொன்னாலே வாங்க ஆள் உண்டே, எவர் வீட்டு எழுத்து இருந்தால் என்ன. இருக்கிற சரக்கை விற்கத் தெரியாமல் இல்லாத தாத்தாவை விற்றிருக்கிறாய். நான் மீன் கூடை சுமந்து, வீடு வீடாகப் பழைய சாமான் கேட்டு அலைந்து வைத்த கடை இது. நான் சொன்னால் பாஸ்டன்காரன் திருப்பிப் பார்க்காமல் வாங்குகிறான். அந்த வாயை உனக்கு வாடகைக்கு விட மாட்டேன்.

சான்று எழுதியாயிற்று. கரண்டி வியர் செய்தது, எழுத்து என் மகன் வெட்டியது என்று கையெழுத்துப் போட்டு அவளிடமே கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை உன் கடைக்கு வருவாள், பின்வாசல் வழியாக நழுவாதே. அவள் கேட்கிற பணத்தைக் கொடுத்து அனுப்பு. கோர்ட்டுக்குப் போனாளானால் அவள் பக்கம் சாட்சி சொல்ல நானே ரயிலேறி வருவேன்.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், நான் காக்கப்போவதில்லை.

உன்னைப் பெற்றவள்,
தார்கஸ் பில்ஸ்பரி