சிவப்பு வண்டி இன்னும் மலையேறுகிறது

என் அருமை அத்தானுக்கு,

முதலில் உங்களுக்கு வேண்டிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்பதையெல்லாம் அப்புறம்தானே கேட்பீர்கள்? வண்டி ஓடுகிறது அத்தான். போன வாரம்கூடப் புளியரை ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறிப் போனது. ஆறு வருஷமாக அந்த டர்போவை யாரும் கழற்றவில்லை.

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் “நல்ல மனுஷன்” என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். எனக்குக் கோபமாக வருகிறது. நல்ல மனுஷன் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்தச் சிவப்பு வண்டியை ஓட வைத்த மனுஷன் தென்காசியில் ஒருத்தர்தான். அதை நானாவது சொல்ல வேண்டாமா?

முதன்முதலில் அது நம் பட்டறைக்கு வந்த கோலம் நினைவிருக்கிறதா? கணவாய்க்கு அந்தப் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கிற முதலாளி குவைத்திலிருந்து திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த வண்டி. அங்கேயே ஏழெட்டு வருஷம் ஓடியது. இரண்டே கதவு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த ஜனம் அருவியை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். நம்மிடம் வரும்போது அதே வண்டியை ஒரு செங்கல் லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது.

லாரியும் ஜீப்பும் பார்த்த பட்டறை நம்முடையது. நீங்கள் இரண்டு நாள் அந்த வண்டிக்கு அடியிலேயே கிடந்தீர்கள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது எனக்கு விளக்கினீர்கள். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுமாம். அந்தச் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுமாம். அதற்குப் பெயர் டர்போவாம். அதுதான் கெட்டுப்போயிருந்ததாம். “வீணாப் போற புகைய வச்சே வேல வாங்குதான் பாரு செண்பகம்!” என்றபோது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம், நம் கல்யாணத்தன்றுகூட இல்லை. அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

குவைத்திலிருந்து முதலாளியின் மச்சினர் அனுப்பிய டர்போவைப் போட்டீர்கள். மூன்று மாதத்தில் அதுவும் போய்விட்டது. வண்டி மறுபடியும் கயிற்றில் வந்தது. முதலாளி பட்டறை வாசலில் நின்று, எதிர்த்த டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிப் பேசினார்.

“என்னவே மேஸ்திரி, லாரி பாக்குற கை லாரியத்தான் பாக்கும் போல! குவைத்துல இன்னும் ஒரு டர்போதான் கெடக்காம். அதுவும் போச்சுன்னா இத எடைக்குப் போட வேண்டியதுதான்.”

சும்மா இருந்தீர்களா? “அது போச்சுன்னா நான் இனிமே ஸ்பேனரத் தொட மாட்டேன் முதலாளி” என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு வீட்டில் வந்து நின்றீர்கள். நான் விடுவேனா?

“ஸ்பேனரத் தொடாம வேற எதத் தொடப் போறீங்க? உங்களுக்கு ஒரு வெந்நி வைக்கத் தெரியுமா?”

நீங்கள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

மறுநாள் மத்தியானம் கெட்டுப்போன டர்போவைத் தினத்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டீர்கள். “சோத்துப் பக்கத்துல இந்தக் கருமத்த ஏன் வைக்கீங்க?” என்று எடுக்கப் போன நான், உள்ளே கறுப்பாக அப்பியிருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

“ஏங்க, இது அடிப்பிடிச்ச சட்டியில்லா! தீயை அணைச்சா மட்டும் போதுமா? சட்டி சூடா இருக்கையில கிண்டுறத விட்டுட்டா இப்படித்தான் பிடிக்கும்.”

கையில் எடுத்த சோற்று உருண்டையைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தீர்கள் பாருங்கள், அத்தான்! ஏற்றம் ஏறினால் டர்போ நெருப்பாகக் கொதிக்கும். எஞ்சின் ஓடுகிற வரைக்கும் எண்ணெய் ஓடி அதைக் குளிர்விக்கும். எஞ்சினை அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும், சூடு நிற்காது. நின்ற எண்ணெய் அங்கேயே தீய்ந்து கட்டியாகும். அன்றைக்கு மீன் குழம்பு அப்படியே கிடந்தது.

கடைசி டர்போ வந்தது. எண்ணெய் போகிற குழாயைக் கொஞ்சம் பெரிதாக மாற்றினீர்கள். பக்கத்தில் போகிற ரப்பர் குழாய்களில் சூடு படாதபடி தகரம் வெட்டி மறைத்தீர்கள். சக்கரம் தள்ளுகிற காற்றின் அழுத்தத்தைக் குறைத்தீர்கள். “வேகம் கொஞ்சம் கொறைஞ்சா கொறையட்டும், ஆயுசு கூடணும்” என்றீர்கள். எஞ்சின் எண்ணெயை வழக்கமான கெடுவில் பாதியிலேயே மாற்றச் சொன்னீர்கள். எல்லாம் முடித்து முதலாளியின் டிரைவர் இசக்கியைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள்.

“ஏலே இசக்கி, மல ஏறுன ஒடனே எங்கயாவது வண்டிய அணைக்கியாலே?”

“இல்ல அண்ணாச்சி. எஸ்டேட்டுலதான் போயி நிப்பேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை.

வெள்ளோட்டத்துக்கு நானும் வந்தேன். மடியில் தேங்காயும் கற்பூரமும். வண்டி புளியரை வளைவுகளில் சீறிக்கொண்டு ஏறியது. பின்சீட்டில் நான் தேங்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், முன்னால் உங்களுக்கு வாயெல்லாம் பல். கணவாய் உச்சியில் கருப்பசாமி கோயில் வந்ததும் இசக்கி ஓரங்கட்டினான். சாவியைத் திருப்பினான். செருப்பைக் கழற்றினான். ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

“ஏலே, அணைக்காதலே! ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு!” என்று நீங்கள் கத்திய கத்தலில் கோயில் குரங்குகள் மரமேறிவிட்டன, இசக்கி பதறிப்போய் மறுபடியும் ஸ்டார்ட் பண்ணினான்.

“எங்கயும் நிறுத்த மாட்டேன்னு சொன்னியேலே?”

“இது நிறுத்துறதா அண்ணாச்சி? சாமி கும்பிடுறதுல்லா!”

இத்தனை நாளாக ஏற்றம் முடிகிற அதே இடத்தில், கொதிக்கிற எஞ்சினை அணைத்துவிட்டுக் கும்பிட்டிருக்கிறான். நம் பக்கத்தில் எந்த டிரைவர்தான் கும்பிடமாட்டான்? வண்டியை ஓடவிட்டுக் கும்பிடச் சொன்னீர்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டான். “சாமி முன்னால எஞ்சின உறும விட்டா கருப்பன் சும்மா விடுவானா? என் பிள்ளைகுட்டி நல்லா இருக்க வேண்டாமா?” நீங்கள் தலையில் கைவைத்துக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் சொல் ஒரு சாவியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, சொன்னேன்: “இசக்கி, கற்பூரம் எரியுறத யாராவது பாதியில ஊதி அணைப்பாங்களா? வண்டியும் சாமிக்கு முன்னால எரியட்டும். கற்பூரம் தானா அணைஞ்ச பொறவு நீ வண்டிய அணை.”

அவன் யோசித்தான். “காத்துல சீக்கிரம் அணைஞ்சா மைனி?”

“இன்னொண்ணு ஏத்து. கருப்பன் வேண்டாம்னா சொல்லப் போறான்?”

பெரிய கட்டியாக ஏற்றினேன். மூன்று நிமிஷம் எரிந்தது. பின்னால் வண்டி மெதுவாக உறுமிக்கொண்டே நின்றது. நீங்கள் சாமியைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கற்பூரம் அணைந்தது, இசக்கி சாவியைத் திருப்பினான்.

அடுத்த சீசனும் முடிந்தபிறகு முதலாளி அதே பட்டறை வாசலுக்கு வந்து, அதே டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி, “மேஸ்திரி, நீர் கெட்டிக்காரன்வே” என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “பாதி என் வீட்டுக்காரி செஞ்சது முதலாளி.” என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ கொண்டுவந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குப் பூராவும் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏன் அத்தான், அதை வீட்டில் வந்து சொன்னால் வாய் வலித்துவிடுமா?

இப்போது பட்டறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உங்களோடு இருந்த இரண்டு மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். புளியங்குடி எலுமிச்சை லாரிக்காரர்கள்கூட, ‘சிவப்பு வண்டி பாத்த பட்டறை’ என்றுதான் வழி கேட்டு வருகிறார்கள். உங்கள் பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை, வண்டிதான் உங்கள் பெயர்ப்பலகை.

முந்தாநாள் உங்களுக்கு வருஷத் திதி. வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சிவப்பு வண்டி, உள்ளே ஆள் இல்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இசக்கி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினான். வண்டியை ஓடவிடும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றான். வந்திருந்த சொந்தக்காரர்கள், “வண்டிய அணைக்க மறந்துட்டான் போல” என்றார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். கற்பூரம் அணைந்தது. அவன் வெளியே போய்ச் சாவியைத் திருப்பினான்.

அப்புறம் என்னைப் பார்த்து, “கோயிலுக்கு வாறீயளா மைனி? நீங்க வந்து ஒரு வருஷமாச்சு” என்றான். நீங்கள் இல்லாமல் அந்த வண்டியில் ஏறக்கூடாது என்று இருந்தேன். உங்களை மாதிரியே நானும் ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன் அத்தான். வருகிற வெள்ளிக்கிழமை மலையேறுகிறேன், உங்கள் இடத்தில், முன் சீட்டில். கற்பூரம் நான்தான் ஏற்றுவேன். இருக்கிறதிலேயே பெரிய கட்டி.

உங்களோடு சண்டை போட இன்னும் நிறைய மிச்சம் வைத்திருக்கும்
உங்கள் மாமன் மகள்
செண்பகம்