லீவரில் இரண்டு விரல் ஆட்டம்

அன்பு வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த ஆபீஸ் நாற்காலியை மாற்று என்று மூன்று மாதமாகச் சொல்கிறேன், நீ காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு. பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

மாதக் கடைசியில் வந்து எங்கள் இருவரையும் உன்னோடு கூட்டிக்கொண்டு போவது, நாற்றுப் பண்ணையை யார் கையிலாவது ஒப்படைப்பது, நம் பழைய தோட்ட டிராக்டரைப் பழைய இரும்புக்குப் போடுவது என்று நீயும் அப்பாவும் பேசி முடித்துவிட்டீர்கள். ஏணியிலிருந்து விழுந்து அவர் வலது தோளை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து நீ பயந்துபோயிருக்கிறாய், அது எனக்குப் புரிகிறது. மண் இழுக்க, உரம் இழுக்க, தொட்டிகளைக் கொண்டுபோக அந்த வண்டி இல்லாமல் பண்ணை நடக்காது, அவரால் ஓட்ட முடியாது, நான் ஓட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொண்டுவிட்டீர்களே. ஆனால் அப்பா போனில் உன்னிடம், "உங்கம்மாவுக்கு அது கைக்கு வராதும்மா, விட்டுடலாம்" என்று சொன்னபோது நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீயும் மறுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊரறிந்த விஷயம், அன்றைக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பண்ணையில் நாற்று விட்டவள் நான், ஒரு லீவரைப் பிடிக்கத் தெரியாதவள் என்று ஒரே நாளில் ஆகிவிட்டேன்.

நடந்ததை நீ அப்பா வாயால்தான் கேட்டிருக்கிறாய், இப்போது என் வாயால் கேள். அந்த வண்டியில் வலது கைப் பக்கம் ஒரே லீவர். முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் வரும், நடுவில் வைத்தால் நிற்கும். நடு எது என்று தெரிய அப்பா வாங்கின புதிதில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டார், அது இன்னும் இருக்கிறது. நான் லீவரைச் சரியாக அந்தக் கோட்டில்தான் வைத்தேன். வண்டி நிற்கவில்லை. வேகமாகப் போயிருந்தாலாவது பரவாயில்லை, கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறவர்கள் மாதிரி மெதுவாகப் போய், ரோஜாத் தொட்டி ஒரு வரிசை மேல் முழுக்க ஏறிவிட்டுத்தான் நின்றது, அதுவும் நான் பிரேக்கை மிதித்ததால். அப்பா கட்டுப் போட்ட கையோடு ஓடி வந்து நடுவில் வைக்கவில்லை என்கிறார், நான் வைத்தேன் என்கிறேன், நான் ஓட்டின வரைக்கும் வண்டி நன்றாகத்தானே இருந்தது என்கிறார். அதற்கு மேல் என்ன பேசுவது? நான்கு நாள் நாங்கள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும் சத்தத்தில்தான் பேசிக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எஞ்சினைப் போடவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் லீவரை மெதுவாக அசைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். லீவரிலிருந்து ஒரு கம்பி போகிறது, கம்பி ஒரு தகட்டை இழுக்கிறது, தகடு கியர் பெட்டியின் கையைத் திருப்புகிறது, அவ்வளவுதான் அதன் ரகசியம். லீவர் இரண்டு விரல் தூரம் நகர்கிறது, கீழே அந்தக் கை அசையவே இல்லை! இணைப்புக்கு இணைப்பு சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். மூன்று இடத்தில் ஆட்டம். உருண்டையாக இருக்க வேண்டிய ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன, தகட்டில் இருக்கும் பள்ளம் அகன்றுவிட்டது. வண்டி நிற்க வேண்டிய இடம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டைத் தாண்டிப் பின்னால் போயிருக்கிறது, உன் அப்பாவின் கையும் அதோடு கூடவே போயிருக்கிறது. அவர் நடு என்று நினைத்து வைப்பது கோட்டுக்கு இரண்டு விரல் பின்னால். அது அவருக்கே தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் கோட்டைக் காட்டியிருக்கிறார்!

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பூசி மெழுகிவிடுவார், எனக்கு அவர் வார்த்தை வேண்டாம், வண்டி நிற்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இணைப்பைக் கோக்கும் ஒரு பின் துருப்பிடித்து வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றது, மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டி எடுத்தேன். நடுவில் தேய்ந்து இடுப்பு விழுந்திருந்தது அதற்கு. எல்லாவற்றையும் உன் பழைய டிபன் பாக்ஸில் போட்டு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்க்கிறார், "அண்ணன் வரலையாக்கா?" என்று. அண்ணனுக்குக் கை உடைந்திருக்கிறது, எனக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, அளவை என்னிடமே கேளுங்கள் என்றேன். பின்னைக் கையில் வாங்கியதும் அவர் பேச்சு மாறிவிட்டது. "இதை வெச்சுக்கிட்டு இவ்வளவு நாளா எப்படிக்கா ஓட்டினாரு?" என்றார். இந்த வண்டிக்கு இனி சாமான் எங்கேயும் வராது, கம்பெனியே மூடியாயிற்று, பேசாமல் வேறு வண்டி பாருங்கள் என்றும் சொன்னார். வராவிட்டால் செய்யுங்கள் என்று அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஓட்டைகளைப் பெரிதாக்கிப் பித்தளை வளையமாகப் புஷ் அடித்து, புதுப் பின்கள் கடைந்து, தகட்டின் பள்ளத்தில் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். அந்த வெல்டிங்கை அளவுக்கு அராவியது நான். இரண்டு நாள், விரலெல்லாம் கொப்புளம். கூடுதலாக அராவினால் மறுபடி ஆட்டம் வந்துவிடும் என்பதால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு செய்தேன்.

மாட்டியதும் முதல் தடவை முன்னால் தள்ளினால் பின்னால் வந்தது, சிரிக்காதே, தகட்டைத் திருப்பி மாட்டிவிட்டேன். மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி, ஜாக்கி வைத்துப் பின் சக்கரங்களைக் கட்டை மேல் தூக்கி நிறுத்தி, லீவரைக் கோட்டில் வைத்து எஞ்சினைப் போட்டேன். சக்கரம் மெதுவாகச் சுற்றியது. எஞ்சினை நிறுத்தி, கம்பியின் நட்டை அரைச் சுற்று திருகி, மறுபடி போட்டுப் பார்ப்பது. பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவை எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் அசையவில்லை. கீழே இறக்கி, மிச்சமிருந்த ரோஜாத் தொட்டிகளை நோக்கி நேராக ஓட்டிப் போய், ஒரு முழத்துக்கு முன்னால் கோட்டில் வைத்தேன். நின்றது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை.

அப்பா விதைப் பொட்டலம் பிரிக்கிற சாக்கில் இத்தனையையும் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புதன்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்து, லேசான வேலை செய்யலாம் என்று சொன்னதும், வீட்டுக்குள்கூடப் போகாமல் நேரே வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனார். நிறுத்த வேண்டிய இடத்தில் கை பழைய இடத்துக்கே போயிற்று, வண்டி பின்னால் வந்து தண்ணீர் டிரம்மில் இடித்தது. மறுபடி ஓட்டினார், மறுபடி டிரம். மூன்றாவது தடவை லீவரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது வாண்டு, ஜெயித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "நீ அன்னிக்கு சரியாத்தான் வெச்சிருக்கே, நான்தான் கத்திட்டேன்" என்றார். பிறகு துணியை எடுத்து சீட்டைத் துடைத்துவிட்டு, "நீ ஓட்டு, நான் பின்னாடி நடந்து வரேன்" என்றார்.

அதனால் நாங்கள் வரவில்லை. அவருக்கும் இது சம்மதம், வேண்டுமானால் கேட்டுக்கொள். உன் வீட்டில் எங்களுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாய், அந்த மனசு எங்களுக்குப் போதும். முடியாமல் போகிற நாள் வந்தால் நானே கூப்பிட்டுச் சொல்வேன், என் சார்பில் வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் வருவதை மாற்றாதே, பத்து நாள் தங்குகிற மாதிரி வா. நாற்காலியை மாற்று. வந்ததும் கேட்டில் நின்று என்னைக் கூப்பிடாதே, எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்காது. பின்னால் நடந்து வருகிறவரிடம் சொல், அவர் என்னிடம் சொல்வார்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா