இடது கைக்கு மாற்றிய விசைகள்

7 ஜூலை 2003

வலது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்றும் மரத்துப்போயின. பதினெட்டு வருடமாக கீபோர்டில் எண்களாக அடித்துத் தள்ளிய கை. மணிக்குப் பத்தாயிரம் எண் அடிக்க வேண்டும், ஆறாயிரம்தான் வந்தது.

"பொலின், இந்த மாசத்துக்குள்ள பழைய ஸ்பீடு வரணும். இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார் மேனேஜர் ஃப்ரெடெரிக். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். வேலை போனால் நானும் மகள் ஸ்டெஃபனியும் என்ன செய்வோம்?

9 ஜூலை

முழங்கை நரம்பாம். ஆறு மாதம் ஓய்வாம். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார்.

10 ஜூலை

எங்கள் மேசைக் கணினியில் தெரிவது ஃபிரான்ஸில் ஒரு கிடங்கில் இருக்கும் பெரிய கணினியின் திரை. அதைக் காட்டும் டெர்மினல் மென்பொருளில், எந்த விசையைத் தட்டினால் எந்த எண் போக வேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்ஸ் ஆதிமூலம் முன்பு காட்டியிருக்கிறார்.

எண் விசைகள் இடது கைக்கு வரும்படி கீபோர்டை இடப்பக்கம் தள்ளினேன். ஏழைத் தட்டினால் ஒன்பது, ஒன்பதைத் தட்டினால் ஏழு. நான்கும் ஆறும், ஒன்றும் மூன்றும் அதேபோல இடம் மாறின. வலது ஆள்காட்டி விரலின் வேலையை இப்போது இடது ஆள்காட்டி விரல் செய்கிறது. இரண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்டுக்கு என் நாற்காலிக்கு வசந்தா வருவாள். அதற்குள் பழையபடி மாற்றிவிட வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. கை போனது தெரிந்தால் அன்றே அனுப்பிவிடுவார்கள்.

14 ஜூலை

ஃபிரான்ஸில் தேசிய தின விடுமுறை, அதனால் இங்கேயும். மீன் குழம்பு வைத்தேன். இடது கையால் கிளறினேன்.

18 ஜூலை

ஒன்பதாயிரத்து நானூறு!

"இன்னாக்கா, கை சரியாயிடுச்சா?" என்றாள் வசந்தா. "ம்" என்றேன். தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பதினோராயிரம் அடிப்பவள். திரையை நிமிர்ந்து பார்ப்பது எங்கள் தொழிலில் அவமானம்.

23 ஜூலை

ஸ்டெஃபனி கல்லூரியில் மயங்கி விழுந்தாள் என்று போன். போட்டது போட்டபடி ஓடினேன். ஒன்றுமில்லை, காலையில் சாப்பிடாமல் போயிருக்கிறாள்.

24 ஜூலை

கணினியைத் திறந்தால் என் அமைப்பு அப்படியே இருக்கிறது. நேற்று மாற்றவே இல்லை. வசந்தா முழு ஷிஃப்டும் அதில்தான் — மாதாவே. அறுநூறு ஆர்டர் சீட்டு. எல்லாம் கார் உதிரிப் பாகங்களின் எண்கள்.

உடனே சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

29 ஜூலை

சொல்லவில்லை. பிரேக் கேட்டவர்களுக்கு வைப்பர் போயிருக்கிறது. அங்கிருந்து மெயில், சீட்டுகளில் வசந்தாவின் பெயர்.

"நான் சரியாத்தான் சார் அடிச்சேன்" என்றாள் முதலில். தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். "வெரலு இன்னா அடிச்சிச்சின்னு எனக்கே தெரில சார்" என்று அழுதாள். அனுப்பிவிட்டார்கள். நான் அங்கேயேதான் நின்றேன். வாயில் என்ன, கொழுக்கட்டையா?

30 ஜூலை

ஒன்பதாயிரத்து எண்ணூறு. சீ.

17 ஆகஸ்ட்

பூசை முடிந்து, நேராக நெல்லித்தோப்பில் வசந்தா வீட்டுக்குப் போனேன்.

"போன் நம்பர் போடக்கூட பயமா இருக்குதுக்கா. மூணு வாட்டி பாத்துட்டுதான் போடுறேன். மூளையில ஏதாச்சும் கோளாறான்னு டாக்டர்கிட்ட காட்டலாம்னு இவரு சொல்றாரு."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். தன் விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"அப்ப என் வெரலு மேல தப்பில்லியா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபது நாள் தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறாள். நான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

18 ஆகஸ்ட்

ஃப்ரெடெரிக்கிடம் சொன்னேன். மாற்றிய விசைகளைத் திறந்தும் காட்டினேன். மாலைக்குள் என் மேசை காலி. தட்டாஞ்சாவடி ஆபீசிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

1 செப்டம்பர்

ஆதிமூலம் போன் செய்தார். வசந்தாவைத் திரும்ப எடுத்துவிட்டார்களாம். என் காலை ஷிஃப்டும் அவளுக்குத்தான்.

"ஆனா மேடம், ஒவ்வொரு நம்பருக்கும் நிமிந்து ஸ்கிரீனப் பாக்குது அந்தப் பொண்ணு. அஞ்சாயிரம்கூடத் தாண்டல."