பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்த தாள்

அக்கா,

இன்று காலை என் மகள் சென்னையிலிருந்து பஸ் டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் அனுப்பினாள். "ஊருக்கு வரேன்ம்மா, இப்பவாவது நம்புறியா?" என்று கீழே கேலி வேறு. சிரித்துவிட்டேன். உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

இவள் கைக்குழந்தையாக இருந்தபோது, பெரம்பலூரில் உங்கள் பிரவுசிங் சென்டருக்கு வெள்ளிக்கிழமைதோறும் லப்பைக்குடிகாட்டிலிருந்து பஸ் ஏறி வருவேன். சவூதியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு அன்றுதான் லீவு. எனக்கு டைப்படிக்கவும் தெரியாது, ஆங்கில எழுத்து வாசிக்கவும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, தமிழை ஆங்கில எழுத்தில் நீங்கள் அவருக்குச் சாட்டில் அடிப்பீர்கள். "எத்தன தடவடி மச்சான் மச்சான்னு அடிக்கிறது, வெரலு வலிக்குது" என்று திட்டுவீர்கள். முடிந்ததும் திரையை அப்படியே படம் பிடித்து, கம்ப்யூட்டரில் பெயிண்ட் புரோகிராமில் ஒட்டி, பிரிண்ட் எடுத்துத் தருவீர்கள். எங்கள் பேச்சு முழுக்க உங்கள் கண்ணில் பட்டுத்தான் போனது. வெளியே ஒரு வார்த்தை கசிந்ததில்லை.

அவர் தங்கியிருந்த இடத்தில் தீப்பிடித்ததாகத் தெருவில் ஒருவர் வந்து சொன்னது ஒரு சனிக்கிழமை. பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தும் அவர் கைப்பேசி அடிக்கவே இல்லை. மறுநாள் காலை உங்களிடம் ஓடி வந்தேன். "நேத்து நம்ம புள்ள நடந்துட்டா மச்சான். எங்க இருக்கீங்க, பேசுங்க" என்று மட்டும் சொன்னேன். மச்சானுக்கு அன்று நீங்கள் திட்டவில்லை.

பதில் வராமல் வீடு திரும்பிவிட்டேன். எங்கள் வீட்டுப் போன் ஒரு வாரமாகச் செத்துக் கிடந்தது. மதியத்துக்கு மேல் நீங்களே வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றீர்கள், கையில் ஒரு தாளோடு.

மாமனார்தான் வாங்கிப் பார்த்தார். வெளிநாட்டில் இருந்தவர், ஆங்கில எழுத்து வாசிப்பார். அவர் முகம் வாடியது. "இது பழசும்மா. தேதியப் பாரு, மூணு வருசத்துக்கு முந்தினது." யாரும் சந்தேகப்படக் கூடாதென்று நீங்களே திரையில் தேதி காட்டும் பெட்டியையும் திறந்துவைத்துப் படம் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் கம்ப்யூட்டருக்குத்தான் தேதி சரியில்லை.

"அய்யோ பாய், அது கரண்டு போனாலே தேதிய மறந்துடுமுங்க. கீழ படிங்க!" என்று கத்தினீர்கள்.

மாமனார் எழுத்துக் கூட்டி வாசித்தார். "கை லேசா வெந்துருக்கு, பயப்படாத. போன் எரிஞ்சு போச்சு. புள்ள நடந்துட்டாளா? எந்தக் கால மொதல்ல வச்சா?"

முந்தாநாள் வரை நடக்காத பிள்ளை அவள். அதற்கு மேல் யாருக்குத் தேதி வேண்டும்? நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை. "சென்டரத் தொறந்து போட்டுட்டு வந்துட்டேன்டி" என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் விடாமல் அதையே கேட்டார், எந்தக் கால் என்று. "நான் கவனிக்கலக்கா" என்றேன். "அங்க வெந்த கையோட கேக்குறாரு, தெரியாதுன்னா அடிப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, நீங்களாகவே 'வலது கால்' என்று அடித்தீர்கள்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். மகள் எந்தப் பரீட்சையில் தேறினாலும், "மொத அடியே வலது கால வச்சவ" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறார். நம் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்த பொய், அக்கா. நீங்கள் கண்மூடிய பிறகு நான் ஒருத்தியாக வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவே மாட்டேன்.