திரை இருண்டதற்கு வெண்ணி பொறுப்பல்லள் என அறிவிக்கும் ஓலை

நெல்லும் நீரும் நிறைந்த கழிமுகக் கோட்டத்தை ஆண்டருளும் தலைவர் ஆதனழிசியார் திருமுன்பு, வெண்கரை வேந்தர் இளமாவேளார் அவையில் கணினிக்கும் செய்திக்கும் பொறுப்பேற்ற அமைச்சன் நன்னாகன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை அளவோடு பெய்க. கரைகள் உறுதியாய் நிற்க. வெள்ளத்திற்குத் தப்பிய குடிகள் நெடிது வாழ்க. நலம் வினவும் தகுதியை யான் இழந்தமையால் செய்தியையே சொல்லுகின்றேன்.

நாணற்றுறைக் காவற்சாவடியில் கணினித் திரையைக் கண்காணித்த வெண்ணி என்பாள் உச்சிப்பொழுதில் உறங்கிவிட்டாள் என்றும், அணை திறந்த எச்சரிக்கையை ஊருக்குச் சொல்லத் தவறியதால் பதினொருவர் மாண்டனர் என்றும், அவளைச் சிறையிலிட்டு வரும் முழுநிலவன்று நாடு கடத்துக என்றும் தங்களுக்கு எழுதியவன் யானே. "நான் கண்ணே மூடலீங்க, திரைதான் கறுத்துப்போச்சு" என்று அவள் அழுததைத் தங்கள் எழுத்தர் அவள் வாய்ச்சொல்லாகவே எழுதி அனுப்பியிருந்தார். யான் அதைப் பொய் என்று தள்ளினேன். அந்தோ, அவள் சொன்னதே மெய்.

ஈராண்டுகளுக்கு முன், திரையில் காட்டப் பதிவுசெய்த தம் கூத்துகளைப் பிறர் படியெடுத்து விற்கின்றனர் என்று கூத்தர் குழுவினர் முறையிட்டனர். கணினியையும் திரையையும் இணைக்கும் வடங்கள் யாவும் இனி ஒரே வகையாய் அமைக என்றும், அவற்றுள் காவற்பூட்டு ஒன்று இருக்க என்றும் ஆணையிட்டேன். படியெடுக்கலாகாது என்று முத்திரையிட்ட காட்சி வந்தால், உரிமை பெற்ற திரைதானா என்று அப்பூட்டு திரையை வினவும். மறுமொழி தரத் தெரியாத பழைய திரையாயின் காட்சியை மறைத்துவிடும். கம்மியர் தலைவர் கொற்றனார் எழுந்து, கள்வன் யார், குடியானவன் யார் என்று பூட்டுக்குத் தெரியாது என்றுரைத்தார். கம்மியருக்குப் பழைய சரக்கின்மேல் பாசம் என்று யான் நகைத்தேன். அவையும் நகைத்தது.

அரண்மனையிலிருந்து முத்திரையின்றி எதுவும் புறப்படலாகாது என்பது நம் வழக்கமன்றோ? அவ்வழக்கப்படி என் எழுத்தர்கள் வெள்ள எச்சரிக்கைக்கும் கூத்துக்குரிய அதே முத்திரையை இட்டனர். நாணற்றுறையில் கணினியையும் வடத்தையும் புதுக்கிய யான், திரையை மட்டும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

நேற்று முற்பகல் அத்திரையை அவைக்கு வரவழைத்து, அதே எச்சரிக்கையை என் கையாலேயே அனுப்பிப் பார்த்தேன். திரை கறுத்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் ஆனேன். எலிகளுக்கோ ஒரு குறையும் இல்லை. பூட்டவிழ்க்கும் சிறு பெட்டி செய்து, கூத்துகளை இன்றும் சந்தையில் கூவி விற்கின்றன.

இன்னும் ஒன்று. மாண்டவருள் ஓடக்காரன் சேந்தன் வெண்ணியின் கணவன் என்பதை நேற்றுத்தான் அறிந்தேன். அவள்மேல் குற்றம் எழுதிய நாளில், மாண்டவர் பெயர்களை யான் படிக்கவேயில்லை.

ஆகவே வேந்தர் இசைவுடன் ஆணையிடுவதாவது: இவ்வோலை கண்டவுடன் வெண்ணியை விடுவிக்க. அவளைக் குற்றவாளி என்று பறையறைந்த அதே மன்றில், இதை ஓரெழுத்தும் விடாது, என் பெயரையும் விழுங்காது படிக்க. இனி எச்சரிக்கைகள் எவையும் பூட்டுடன் வாரா. அவ்வாணை இன்றே எல்லாக் கோட்டங்களுக்கும் புறப்பட்டது. என் பதவியை வேந்தர் திருவடியில் வைத்துவிட்டேன்.

கார்த்திகைத் திங்கள் ஐந்தாம் நாள், வேந்தர் முத்திரையும் நன்னாகன் கைச்சாத்தும் பெற்றது. கடைசி ஆணை: என்னை மன்னிக்குமாறு அவளிடம் எவரும் கேட்கலாகாது.