வேதவல்லி டீச்சரின் பெரணிச் செடி

11-6-1962, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் வேதவல்லி டீச்சரோடு இரண்டாவது சண்டை. மலைமேல் இந்த அரியூர் நாட்டில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்கென்று இருப்பது இந்த ஒரே ஓட்டு வீடு. எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அவருக்கும் இல்லை. அதுதான் கேடு.

காலையில் பல் விளக்கிவிட்டு உள்ளே வருகிறேன், ஜன்னலோரத்து முக்காலி முன்னால் நிற்கிறார். முக்காலி மேல் அவருடைய பெரணித் தொட்டி; பூவே விடாத, இறகு மாதிரி இலைச் செடி. அதற்கு நடக்கிற உபசாரம் புது மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. இலையெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் வரிசையாக, கடுகை ஒட்டி வைத்த மாதிரி பழுப்பு மணிகள். பூச்சி முட்டையாம்.

"தெய்வானை, இதை யார் தொட்டது?"

"எனக்கென்னங்க தெரியும்?"

"இந்த வீட்டுல இருக்கறது நாம ரெண்டு பேர். மூணு வருசமா நல்லா இருந்த செடி, நீ வந்த ஆறு மாசத்துல கெட்டுப்போகுதா?"

நான் தொடவில்லை. அந்தச் செடியும் அவரும் எக்கேடோ கெடட்டும்.

13-6, புதன்

இரண்டு நாளாகப் பேச்சில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

17-6, ஞாயிறு

புள்ளி பரவுகிறது. சில இடத்தில் திட்டாகக் கறுத்து, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. டீச்சர் முகமும் அப்படித்தான் இருக்கிறது.

இருசாயிதான் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறாள், எங்கள் இருவருக்கும் சமைக்கிறாள். இந்த மலைக்காரி. என் வயதுதான் இருக்கும், முப்பது. இன்று கூட்டிக்கொண்டே வந்தவள் நின்று, ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, இது பூச்சி இல்லீங்க. வெதைங்க. ஓடக்கரையில முத்துன பெரணிக்கெல்லாம் அடியில இப்படித்தான் வரிசையா இருக்கும்."

"உன்னை யாரு கேட்டா? போய் அடுப்பைப் பாரு."

அவள் போய்விட்டாள். நான் சிரித்தேன். டீச்சர் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

20-6, புதன்

இருசாயியை நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் அரிசி களைந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். டீச்சர் கண்ணில் பட்டுவிட்டது. "இத்தனை நாளா நீதானா?" என்று ஒரே கூச்சல். "கழனித்தண்ணி செடிக்கு நல்லதுங்க, ஒரு நாளுதான் ஊத்துனனுங்க" என்று இவள் சொல்வது காதில் ஏறவே இல்லை. நேராகத் தலைமை ஆசிரியர் அர்த்தனாரியிடம் போய், பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் "சமையல்காரி வேண்டுமென்றே நாசம் செய்தாள், இனி எந்த வேலைக்கும் சேர்க்கக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த நேரமெல்லாம் நான் சிலேட்டு திருத்திக்கொண்டிருந்தேன். இருசாயி வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்த்தாள். நான் சிலேட்டைப் பார்த்தேன்.

21-6, வியாழன்

நானே சமைத்தேன். சோறு அடிப்பிடித்தது. டீச்சர் தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்தார். ஒரே அடுப்பு, இரண்டு சமையல், வீடு முழுக்கப் புகை. வாழ்க.

24-6, ஞாயிறு

ஓடைப் பக்கம் போனேன். பொழுது போகாமல்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இருசாயி சொன்னது சரி. பாறை இடுக்கில் நிற்கிற பெரணியில் முற்றின இலையைத் திருப்பினால் எல்லாவற்றிலும் அதே மணி, அதே வரிசை, யாரோ நூல் பிடித்து வைத்த மாதிரி. மேலே இலை பச்சைப் பசேலென்று இருக்கிறது. ஒன்றுக்கும் நோவு இல்லை. ஓர் இலையைப் பறித்து வந்து நோட்டுத் தாளில் கவிழ்த்து வைத்தேன்.

25-6, திங்கள்

தாளில் பழுப்புப் பொடி உதிர்ந்திருக்கிறது. பொடி விழுந்த இடமும் இலையின் வரிசையும் ஒன்றே. விதைதான். பூச்சியாவது முட்டையாவது!

அப்படியானால் மேலே இருக்கிற புள்ளி? டீச்சர் குளிக்கப் போன நேரத்தில் நன்றாகப் பார்த்தேன். இரண்டு விதம் இருக்கிறது. கறுத்த பிசுபிசுத் திட்டு ஒரு விதம், எண்ணெய் பட்ட காகிதம் போல. அது செடி முழுக்க. இன்னொன்று ஓரம் காய்ந்து, முறுகி, விரலில் நொறுங்குகிறது. அது ஒரே பக்கத்து நாலைந்து இலையில் மட்டும்.

அந்த இரண்டாவது வெயில் சுட்டது. எப்படித் தெரியும்?

நான்தான் வைத்தேன். இந்த நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன், "நான் தொடவில்லை" என்று. பள்ளி திறந்த இரண்டாம் நாள், என் துணியை டீச்சர் கொடியிலிருந்து எடுத்து மூலையில் வீசினார் என்ற ஆத்திரத்தில், தொட்டியைத் தூக்கி மத்தியான வெயிலில் வைத்தேன். வாடட்டும் என்றுதான் வைத்தேன். மூன்று மணிக்குத் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

இருசாயி பேரில் எழுதும்போது இது எனக்கு நினைவு இல்லையா? இருந்தது.

28-6, வியாழன்

விடிந்ததும் மண்ணெண்ணெய் வாடை. எழுந்து பார்த்தால் டீச்சர் முக்காலி முன்னால் உட்கார்ந்து, கிண்ணத்தில் சோப்பும் மண்ணெண்ணெயும் கலக்கிய தண்ணீர், துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் திருப்பித் திருப்பித் துடைக்கிறார். அந்த மணிகளைச் சுரண்டுகிறார்!

"எத்தனை நாளா இதைச் செய்யறீங்க?"

"மே மாசத்துல இருந்து. பூச்சி விடமாட்டேங்குது. உனக்கென்ன?"

"பூச்சியே இல்லீங்க! அது விதை. நீங்க துடைக்கத் துடைக்கத்தான் இலை வேகுது. உங்க செடியைக் கொல்றது நீங்கதான்."

வாய் நிற்கவில்லை. நாத்தம் பிடித்த கிண்ணம், கிழட்டுப் பிடிவாதம், ஒருத்தி பிழைப்பில் மண்ணைப் போட்டது, எல்லாம் சொன்னேன். ஓடை இலையையும் பொடித் தாளையும் அவர் மடியில் எறிந்தேன். இரண்டு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். துணியை மடித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"எட்டு மாசம் டி.பி. ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்திருந்தேன். கட்டிலுக்கு எதிர்ல இது இருந்தது. என் வரிசையில ஆறு பேர் போயிட்டாங்க. நர்ஸு எனக்குன்னு குடுத்தனுப்புனா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும்?

வெயிலைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில்கூட வாய் வரவில்லை.

1-7, ஞாயிறு

இருசாயி ஊருக்குப் போனேன். குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க."

"இருசாயி, செடி கெட்டது உன்னால இல்ல. இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க."

"திரும்பி வா."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "அந்தம்மா கத்துனாங்க. சரி, அவுங்க செடி. நீங்க அங்கதான உக்காந்திருந்தீங்க? ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஊருல என்னைய என்ன பேசறாங்க தெரியுமுங்களா? டீச்சரம்மா ஊட்டுல செய்வினை வெச்சவளாம்."

அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். நல்ல மழையில் நனைந்து திரும்பினேன்.

3-7, செவ்வாய்

சொல்லிவிட்டேன். "ஓரம் கருகின இலையெல்லாம் என் வேலைங்க. வெயில்ல வெச்சேன். வேணும்னுதான் வெச்சேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். "தெரியும். முக்காலியில தொட்டியோட சுவடு மாறியிருந்துது" என்றார். "அப்ப ஏன் இருசாயி பேரைச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

டீச்சர் தொட்டியைப் பழைய சுவட்டின் மேல் நகர்த்தி வைத்தார். "உன்மேல எழுதினா நீ திருப்பி எழுதுவே. அவ எழுதமாட்டா."

இந்தப் பொம்பளையை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் இதை இவ்வளவு நேராக நான் சொல்லியிருப்பேனா?

4-7, புதன்

டீச்சர் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, அந்த வரிக்குக் கீழே எழுதினார்: "மேற்கண்டது தவறு. செடி கெட்டது என் கையால்." பேனாவை என்னிடம் நீட்டினார். "என் கையாலும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அர்த்தனாரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் இருவரையும் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

8-7, ஞாயிறு

டீச்சர் குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாக இருசாயி ஊருக்குப் போனார். போக இரண்டு மைல், முழுக்க ஏற்றம். இரைக்க இரைக்கத் திரும்பி வந்தார். ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தாராம்.

"வருவாளா?"

"ஆடிப் பதினெட்டு போகட்டும், பாக்கலாம்னு சொன்னா."

15-7, ஞாயிறு

கறுத்த இலைகளை அடியோடு வெட்டினோம். பாதிச் செடி போய்விட்டது. முக்காலியை ஜன்னலிலிருந்து நாலடி உள்ளே தள்ளினேன். தொட்டிக்கடியில் தட்டில் கூழாங்கல் போட்டு நீர் விட்டோம், காற்று ஈரமாக இருக்கட்டும் என்று. இலைமேல் ஊற்றாமல் மண்ணில் மட்டும் தண்ணீர். அதுவும் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான். மண்ணெண்ணெய் விளக்குக்கு மட்டும்.

இதற்கும் சண்டை. கூழாங்கல் வேண்டாம், மணல் போதும் என்கிறார். பிடிவாதம்.

29-7, ஞாயிறு

செடி நடுவில் புது இலைச் சுருள் ஒன்று. அவர் முதலில் பார்த்தார், என்னிடம் சொல்லவில்லை. நானும் பார்த்தேன், சொல்லவில்லை.

6-8, திங்கள்

இருசாயி வந்தாள். செடியைத் தொடமாட்டேன், பக்கத்தில்கூடப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தாள். சுருள் விரிந்து இலை ஆகியிருக்கிறது, பக்கத்தில் இன்னொன்றும் விரிந்திருக்கிறது, புள்ளி இல்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மத்தியானம் சோறு போட்டாள். ரசத்தில் உப்பு கரித்தது. வாயில் வைக்க முடியவில்லை. டீச்சரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"உப்பு சரியா இருக்குதுங்களா?" என்றாள் இருசாயி, கரண்டியைப் பிடித்தபடி.

"சரியா இருக்கு" என்றோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில்.

அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள். குடித்தோம்.